பதினைந்து கிலோ வரைக்கும்

நாற்பத்தைந்து நிமிஷம்தான் இருக்கிறது, அதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம், வாங்கவா போகிறோம், சும்மா பார்க்கத்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வசுமதி புரசைவாக்கம் மெயின் ரோட்டைக் கடந்தாள். கடந்தாள் என்பதே ஒரு பேச்சுக்குத்தான்; காலை பதினோரு மணிக்கு அந்த ரோட்டை யார் கடக்கிறார்கள், ஆட்டோக்காரர்கள் பாவம் பார்த்து விட்டால் உண்டு. நடு ரோட்டில் நிற்கும்போது இடது இடுப்பு வெளியே தள்ளிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. இடுப்பில் குழந்தை இல்லை. குழந்தை பின்னால் விட்டுவந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பிசியோதெரபி மெத்தையில் படுத்திருக்கிறது. ஆனால் இந்த இடுப்புக்கு அது எங்கே புரிகிறது, நாலரை வருஷமாக ஆதிரையைத் தூக்கித் தூக்கி அதற்கு நேராக நிற்பதே மறந்துபோய்விட்டது. புடவைக்குள்ளே கட்டியிருந்த முதுகு பெல்ட் வியர்வையில் ஊறிக் கடித்தது. அம்மா பக்கத்தில் இருந்தால் ஆதிரை அழுகிறாள் என்று தெரபிப் பெண் மைதிலி அவளை வெளியே அனுப்பிவிடுவாள். வாரத்தில் ஐந்து நாள், தினமும் முக்கால் மணி நேரம், கீழே மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து எதிர்க்கடைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடிக்குள் குட்டி வண்டிகள் வரிசையாக நிற்கும். பதினைந்து நாளாகப் பார்க்கிறாள். முதலில் தெரியாமல் பார்த்தாள், பிறகு பார்க்கக்கூடாது என்று பார்த்தாள், இன்றைக்குக் கால் தானாக இறங்கி நடந்துவிட்டது. கால் என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. எதை நினைத்தாலும் அது கடைசியில் காலில் வந்துதான் முட்டுகிறது, என்ன கருமமோ.

கதவைத் தள்ளியதும் ஏசிக் குளிரும் புது பிளாஸ்டிக் வாசனையும் பவுடர் வாசனையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. இருபது வயசு இருக்கும், சட்டையில் ரெபேக்கா என்று பெயர் குத்திய பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். "வாங்கக்கா, என்ன பார்க்கறீங்க?" "அந்த வண்டி..." என்று கையைக் காட்டினாள் வசுமதி, பெயர் சொல்ல வாய் வரவில்லை. "ஸ்ட்ரோலரா? வாங்க வாங்க. குழந்தைக்கு எத்தனை மாசம்க்கா?" கேட்டாளே ஒரு கேள்வி. மாசமாம். ஐம்பத்து நாலு மாசம் என்று சொன்னால் இந்தப் பெண் முகம் எப்படிப் போகும் என்று வசுமதிக்கு அத்துப்படி. முதலில் கணக்குப் போடும், அப்புறம் புரியும், அப்புறம் கண் ஓரத்தில் ஒரு ஈரம், தலை கொஞ்சம் சாயும், அய்யோ பாவம் என்று உதடு சொல்லாததைப் புருவம் சொல்லிவிடும். பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன முகம் அது. "ஒன்றரை வயசு," என்றாள். எங்கிருந்து வந்தது அந்த ஒன்றரை என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றரை வயசில்தான் கடைசியாக யாரும் எதுவும் கேட்காமல் இருந்தார்கள். சில குழந்தைங்க லேட்டாத்தான் நடக்கும், எங்க பெரியப்பா பையன் ரெண்டு வயசுல நடந்தான், இப்ப போலீஸ்ல இருக்கான் என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்ன வயசு. அதோடு காலண்டரைக் கிழிக்காமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொண்ணா பையனா?" "பொண்ணு." "சூப்பர்க்கா. பேரு?" "ஆதிரை." பெயரிலாவது பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி.

ரெபேக்கா முதலில் ஒரு மெலிசு வண்டியை இழுத்து வந்தாள், குடை மாதிரி மடங்குவது, ஒரே கையால் தூக்கலாம், ஆட்டோவில் காலடியில் வைத்துக்கொள்ளலாம். "லைட் வெயிட்க்கா, எல்லாரும் இதான் எடுக்கறாங்க." வசுமதி கைப்பிடியைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள், வண்டி முனகியது. சக்கரமா அது, பொட்டுடப்பா அளவுக்கு இருந்துகொண்டு. வீட்டிலிருந்து இங்கே வரும் வழியை அவள் மனசு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தது. ஓட்டேரியில் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி எப்போதும் சேறு, அப்புறம் நடைபாதை என்று ஒன்று நாலு அடி போய் டிரான்ஸ்பார்மரில் முட்டி நின்றுவிடும், இறங்கி ரோட்டில் நடந்தால் மழைநீர் வடிகால் பள்ளம், அதற்கு மூடி ஒரு வாரம் இருக்கும் ஒரு வாரம் இருக்காது, மூடி இருந்தாலும் அதற்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கை அகலச் சந்து, இந்தச் சக்கரம் அதில் இறங்கினால் குழந்தை முன்பக்கமாகக் குப்புற... அவள் கையை எடுத்துவிட்டாள். "ரோட்டுக்கு இது தாங்குமா?" "மாலுக்கெல்லாம் போகலாம்க்கா." மாலுக்கு யார் போகிறார்கள். இன்னொன்றை இழுத்தாள் அந்தப் பெண், கொஞ்சம் தாட்டியானது, முன்னால் இரட்டைச் சக்கரம், அடியில் கூடை, வெயிலுக்கு மறைப்பு. "இது ஸ்ட்ராங்குக்கா. பதினஞ்சு கிலோ வரைக்கும் தாங்கும்." போன புதன்கிழமை பதினாலு கிலோ முந்நூறு. மைதிலி எடை மிஷினில் வசுமதியையும் குழந்தையையும் சேர்த்து நிறுத்தி, பிறகு வசுமதியை மட்டும் நிறுத்திக் கழித்துச் சொன்னாள். தனியாக நிற்கத் தெரியாத குழந்தைக்கு எடையே கழித்தல் கணக்குத்தான். பதினஞ்சுக்கு இன்னும் எழுநூறு கிராம். ஆறு மாசம் ஓடும், ராத்திரி பாலைக் கொஞ்சம் குறைத்து, தோசைக்கு நெய் விடாமல் கொடுத்தால் ஒரு வருஷம்கூட... அய்யய்யோ, என்ன நினைக்கிறேன் நான், பெத்த பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்கவா கணக்குப் போடுகிறேன், என் நெஞ்சு என்ன கட்டையா? நாலு வாய் சாப்பிடவைக்க மொட்டைமாடிக்கும் வாசலுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தவள் இவள்தான். ஏசியிலும் நெற்றி வியர்த்தது.

இந்தக் குறைக்கிற கணக்கெல்லாம் அந்த டாக்டரைப் பார்த்த நாளிலிருந்துதான் வருகிறது. பதினைந்து நாளுக்கு முன்னால், புது டாக்டர், சின்ன வயசுதான், கடுமையானவரும் இல்லை. இடுப்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இந்தப் பக்கம் மூட்டு கொஞ்சம் நழுவியிருக்கும்மா, கம்பியைப் பிடிச்சு நடக்க வைக்கற வேலையெல்லாம் இனி வேணாம், வலிக்கும், நல்லா உட்கார வைங்க, ஸ்கூலுக்கு அனுப்புங்க, புத்தி நல்லா இருக்கு, நல்லாப் பேசறா என்றார். எப்ப நடப்பா டாக்டர் என்று வசுமதி கேட்டாள், எல்லா டாக்டரிடமும் கேட்கிற மாதிரி. மற்றவர்கள் பார்ப்போம், முயற்சி பண்ணுவோம், கடவுள் இருக்கார் என்பார்கள். இவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு, நடக்க மாட்டாம்மா, உங்ககிட்ட இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கணும் என்றார். அன்றைக்குப் பார்த்துப் புருஷன் சற்குணத்துக்கு ஷிப்ட். அம்பத்தூரில் லேத் பட்டறை, லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிப்பான். அதனால் இந்தச் சேதியை வாங்கிக்கொள்ள இவள் ஒருத்திதான் இருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. ஆதிரை அப்போது டாக்டர் மேஜைமேல் இருந்த பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்குமோ? விழுந்தாலும் புரிந்திருக்குமோ? சாயங்காலம் சற்குணம் வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டபோது, ரெண்டு நாள் ரெஸ்ட் குடுக்கச் சொன்னார் என்று மட்டும் சொன்னாள். அவன் ரெண்டு நாள் பேசாமல் இருந்தான், மூன்றாம் நாள் கைகால் கழுவிக்கொண்டு வந்து, வாடி என் சிங்கக்குட்டி என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பிக்கு நடுவில் நிறுத்திவிட்டான்.

அந்தக் கம்பி. பிடித்து நடக்க இரண்டு பக்கமும் கைப்பிடியாக, ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறதே அது. பட்டறையில் மிச்சம் விழுந்த ஜிஐ பைப்பை அவனே அறுத்து, அவனே வெல்டிங் வைத்து, கை வழுக்காமல் இருக்க நயமாகத் தேய்த்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தரையில் போல்ட் போட்டு இறுக்கினான். அவ்வளவு அழகாகச் செய்திருந்தான். ஒருநாளாவது அடித்திருப்பானா, அதட்டியிருப்பானா, ஒன்றும் கிடையாது. முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவான், பத்து வந்ததும் கை தட்டுவான், வாரி அணைத்துக்கொள்வான், அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே ஆதிரை கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள். நிற்பது அல்ல அது, தொங்குவது. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும், குதிகால் தரையில் படாது. போன வாரம் குளிப்பாட்டும்போது குழந்தை சொன்னாள், "அம்மா, அப்பா மெதுவா எண்ணுறாரு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல நிறுத்திடறாரு." "வலிக்குதாடா?" "அப்பாகிட்ட சொல்லாத." சொல்லவில்லையே. இவளும் சொல்லவில்லை, டாக்டர் சொன்னதையும் சொல்லவில்லை, குழந்தை சொன்னதையும் சொல்லவில்லை, சமையலறையில் குக்கர் விசில் எண்ணுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து நாளில் பன்னிரண்டு சாயங்காலம். வாயைத் திறக்காமல் பன்னிரண்டு சாயங்காலம் என் பெண்ணை வலிக்கவிட்டவள் நான். அவன் உடைந்துபோவானே என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது மட்டும்தானா? அவனும் நம்பவில்லை என்றால் அந்த வீட்டில் நம்புவதற்கு வேறு ஆள் இல்லை என்பதும்தானே.

"ஒன்றரை வயசுன்னா நடக்க ஆரம்பிச்சிருப்பாளேக்கா," என்றாள் ரெபேக்கா, சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே. "எங்க அக்கா பையன் ஒம்பது மாசத்துலயே நடந்துட்டான், இப்ப பிடிக்கவே முடியல, வாலு." "ஆமா, ஓடுறா," என்றாள் வசுமதி. சொல்லி முடித்ததும் வாயைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓடுகிறாளாம். எப்படி வந்தது அந்த வார்த்தை, தொண்டையில் தடுக்கி விழாமல்? பொய்க்குப் பழகிப்போன வாய். அன்றைக்கு அந்தக் கொழுக்கட்டை சமாசாரமும் இப்படித்தானே. கைக்குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் கொழுக்கட்டை என்று காம்பவுண்டில் எட்டு வீட்டிலிருந்தும் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருந்தன, வாங்கி வாங்கித் தின்று இவள் திருப்பிக் கொடுக்க முடியாமல் கூசிப்போயிருந்தாள். ஆதிரை ரெண்டு வயசில் ஒருநாள் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து பாத்ரூம் படியைத் தாண்டிவிட்டாள், ஈரத்தில் வழுக்கியதுதான் பாதி. பாத்ரூம் படி கணக்கில் சேருமா என்று சற்குணம் கேட்டான். படி படிதானே என்று இவள் சொன்னாள். ரெண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தார்கள், தேங்காய்ப் பூரணம் வைத்து ஐம்பது கொழுக்கட்டை செய்து எட்டு வீட்டுக்கும் கொடுத்தார்கள். எந்தப் படிடி தாண்டினா என்று மாடி வீட்டு நளாயினி அக்கா ஆசையாகக் கேட்டாள். தெருப்படி என்று கூசாமல் சொன்னாள் வசுமதி. அந்த அக்கா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஓடிப்போய்க் குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிவந்தாள். நடந்தால் செய்ய வேண்டிய பணியாரத்துக்கு என்று அப்போதே வாங்கிய குழிப்பணியாரச் சட்டி பரண்மேல் கிடக்கிறது, எண்ணெய்கூடக் காட்டாமல்.

அப்புறம் அந்த முடி. எல்லாக் குழந்தைக்கும் ஒரு வயசில் மொட்டை போட்டுக் காது குத்திவிடுவார்கள். சற்குணம்தான் வேண்டிக்கொண்டான், முருகா, என் பொண்ணு தன் காலால திருத்தணிப் படி ஏறி வருவா, அப்பத்தான் முதல் மொட்டை என்று. என்ன அவசரமோ அவனுக்கு, வேண்டுவதற்கு முன்னால் இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறந்த முடி, கத்திரியே படாத முடி, இன்றைக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னா முடி, என்னா முடி என்று சுத்திப் போடச் சொல்கிறார்கள். எப்போதும் படுத்தே இருக்கிற குழந்தைக்கு அது பின்மண்டையில் உருண்டு சிக்குப் பிடித்து, தினமும் அரை மணி நேரம் சிக்கெடுத்து, வெயில் காலத்தில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. வெட்டக்கூடாது, நுனிகூடக் கிள்ளக்கூடாது. பின்னிப் பின்னி முடிச்சுப் போடும்போதெல்லாம் வசுமதிக்குத் தோன்றும், இது முடியில்லை, நாள்கணக்கு, எவ்வளவு நாளாக நடக்கவில்லை என்று குழந்தை தலையிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் கத்திரியை எடுத்துவிட்டாள்கூட. முருகன் கோபித்துக்கொள்வான் என்று பயமில்லை, சற்குணம் முகத்தை நினைத்துத்தான் மறுபடி டப்பாவுக்குள் போட்டாள்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. பதினொன்றரை, பட்டறையில் டீ நேரம், அவன்தான். எடுத்தாள். பின்னால் இரும்பு அறுபடுகிற சத்தம். "வசு, குட்டி என்ன பண்றா?" "உள்ள இருக்கா." "அழுதாளா?" "இல்ல." "நின்னாளா இன்னிக்கு? மைதிலி என்ன சொல்லுது?" வசுமதியின் வலது கை அந்தத் தாட்டியான வண்டியின் கைப்பிடிமேல் இருந்தது. ரப்பர் உறை போட்ட கைப்பிடி, குளிர்ச்சியாக இருந்தது. "நின்னா," என்றாள். "எவ்ளோ?" "பன்னண்டு எண்ற வரைக்கும்." "அடி சக்கை!" என்று அவன் போட்ட கூச்சல் ரெபேக்காவுக்கே கேட்டிருக்கும். "நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? சாயங்காலம் பதினஞ்சு பாத்துடறேன்." போனை வைத்துவிட்டான். வசுமதி போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பதினஞ்சு. நான் பன்னிரண்டு என்று சொன்னதற்கு என் குழந்தை இன்றைக்குப் பதினைந்து வரை தொங்கப்போகிறது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நிறுத்துகிறவன் பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவில் எவ்வளவு நிறுத்துவான்? யாரடி நீ, தாயா பேயா என்று அவளே அவளைக் கேட்டாள்.

"அக்கா, லோடு வெச்சுக் காட்டட்டுமா? அப்பத்தான் தெரியும்," என்று ரெபேக்கா ஒரு பெரிய டயப்பர் பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் உட்காரவைத்து, மேலே இன்னொரு சின்னப் பெட்டியையும் வைத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். "ரவுண்டு ஓட்டிப் பாருங்க." வசுமதி தள்ளினாள். துணி அலமாரி, பொம்மை அலமாரி, பால்பாட்டில் அலமாரி என்று வண்டி அவள் கைக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. என்ன சுலபம். முதுகு வலிக்கவில்லை. அதுதான் அவளைத் திடுக்கிடவைத்தது, முதுகு வலிக்காமல் கூடவே ஒன்றைக் கூட்டிக்கொண்டு போக முடியும் என்பது. இந்த நாலு வருஷமும் இது உலகத்தில் இருந்ததே, கண்ணாடிக்குள் நின்றதே, வண்டியில் உட்கார வைத்துப் பழக்கினால் அப்புறம் நடக்கவே தோணாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பேரும் வைராக்கியமாகத் தோளிலும் இடுப்பிலும் சுமந்தார்களே. கடை வாசலில் ஒரு சின்னப் படி இருந்தது. அதன்மேல் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். முன் சக்கரம் ஏறியது, பெட்டி ஒரு பக்கம் சரிந்தது, பெல்ட் பிடித்துக்கொண்டது. பெல்ட்டுக்குள் சரிந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். ஆதிரையும் இப்படித்தான் சரிவாள், வலது பக்கம், அவளுக்கு இடுப்புப் பக்கத்தில் முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும், கால் நீளத்துக்கு, பாதத்தை ஊன்ற ஒரு மிதியடி வேண்டும், பெட்டிக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. பொய்யான குழந்தைக்கு எந்த வண்டியும் பொருந்தும். நிஜக் குழந்தைக்கு வண்டி வேண்டுமென்றால் நிஜத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். "நாலரை வயசும்மா," என்றாள், வாசலைப் பார்த்தபடியே. "நான் பொய் சொல்லிட்டேன். நாலரை வயசு. நடக்க மாட்டா. எப்பவும் நடக்க மாட்டாளாம்."

சொல்லிவிட்டாள். பஸ் போகிற சத்தம் அப்படியே இருந்தது, ஏசி அப்படியே ஓடியது. இந்தச் சொற்களை முதன்முதலாக அவள் வாய் சொன்னது முன்பின் தெரியாத ஒரு கடைப் பெண்ணிடம், கட்டினவனிடம் இல்லை. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தாள், அந்த முகம் வந்திருக்குமே, தலை சாய்ந்திருக்குமே. ரெபேக்கா வந்து பெல்ட்டைக் கழற்றிப் பெட்டிகளை இறக்கினாள். "அப்ப இது வேணாம்க்கா," என்றாள். "இதுல கால் தொங்கும், ஆறே மாசத்துல பத்தாது. இருங்க." உள்ளே போய் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒன்றைத் தூசியோடு இறக்கிக்கொண்டு வந்தாள், மூச்சு வாங்கியது. பெரிய சக்கரம், காற்றடிக்கிற டயர், அலுமினியச் சட்டம், மிதியடியை இழுத்து நீட்டலாம், முதுகைச் சாய்க்கலாம். "இருபத்தஞ்சு கிலோ வரைக்கும் போகும். வெயிட்டா இருக்குன்னு யாரும் எடுக்க மாட்டாங்க, ஆனா நம்ம ரோட்டுக்கு இதான். சைடுக்கு ரெண்டு பக்கமும் தலகாணி வெச்சுத் தைச்சுக்கலாம். பாப்பா எவ்ளோ உயரம்க்கா?" நிறுத்தி அளந்ததில்லை. படுக்கவைத்து, தலையிலும் காலிலும் புத்தகம் வைத்து, நடுவில் டேப் பிடித்து அளப்பார்கள், முட்டி மடங்கியிருப்பதால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு. தன் தோளிலிருந்து கையைத் தொங்கவிட்டு, "தூக்கினா, அவ பாதம் என் முட்டிக்கு வரும்," என்றாள். ரெபேக்கா அவள் தோளையும் முட்டியையும் பார்த்து, மிதியடியை ரெண்டு ஓட்டை கீழே இறக்கி மாட்டினாள். பாவப்படவில்லை அந்தப் பெண், கடைசிவரை பாவப்படவே இல்லை, ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தாள். வசுமதிக்கு அதற்குத்தான் அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். கார்டைத் தேய்த்தால் கடைப் பெயரோடு சற்குணம் போனுக்கு மெசேஜ் போய்விடும் என்று ஒரு நொடி கை தயங்கியது. போகட்டும். இன்றைக்குச் சாயங்காலத்துக்கு முன்னால் ஏதாவது ஒன்று அவனிடம் போய்த்தான் ஆகவேண்டும்.

முக்கால் மணி முடிந்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. ரெபேக்காவே வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து, மருந்துக்கடை வாசலில் பிரேக் போட்டு நின்றாள், நீங்க போய்த் தூக்கிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன் என்றாள். முப்பத்தெட்டுப் படி. ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு பயம். பிடிக்கவில்லை என்று கத்தினால்? பாப்பா வண்டி, நான் பாப்பா இல்லை என்றால்? தெருவில் பார்க்கிறவர்கள் முன்னால் இந்தக் குழந்தை நீண்ட காலோடு உட்கார்ந்து, எல்லோரும் குனிந்து பார்த்து... இடுப்பில் இருந்தவரை முகத்தை அம்மா கழுத்தில் புதைத்துக்கொள்வாள், யார் பார்த்தாலும் பாதி முகம்தான் தெரியும். இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. இன்னிக்கு சமத்தா இருந்தா என்று மைதிலி தூக்கிக் கொடுத்தாள். சூடான தலை, எண்ணெய் வாசனை, வியர்வை, கைகள் கழுத்தைச் சுற்றி வந்து பூட்டிக்கொண்டன. வசுமதி படி இறங்கினாள். கீழே வந்து, குனிந்து, முதுகு சுள்ளென்று இழுக்க இழுக்க, மெல்ல இருக்கையில் விட்டாள். கழுத்துப் பூட்டு உடனே விடவில்லை. "அம்மா இங்கதான் இருக்கேன், பின்னாடி," என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பாதம் இரண்டும் மிதியடியில் போய் உட்கார்ந்தன, முழுப் பாதமாக இல்லை, விரல் பக்கம் மட்டும், ஆனால் தொங்கவில்லை. ரெபேக்கா பெல்ட்டைப் பூட்டி, பை சொல்லிவிட்டுத் தன் கடைக்கு ஓடினாள்.

வசுமதி பிரேக்கை எடுத்துத் தள்ளினாள். பத்தடி போனார்கள், பூக்கடை, செருப்புக்கடை, டீக்கடை. பின்னாலிருந்து பார்த்தால் குழந்தையின் உச்சந்தலையும் பின்னலும்தான் தெரிந்தன, முகம் தெரியவில்லை. இடுப்பில் இருக்கிறவரை மூச்சு ஏறினால்கூடத் தெரியும், இப்போது ஒன்றும் தெரியவில்லை. டீக்கடை தாண்டிய பிறகுதான் ஆதிரை பேசினாள்.

"அம்மா, இது யாரோடது?"

"உன்னோடதுதான்டா."

"இன்னிக்கு மட்டுமா?"

"தினமும்."

முன்னால் ஒரு பைக் குறுக்கே நின்றது. வசுமதி ரோட்டில் இறக்கி, வடிகால் இடுக்கைச் சாய்வாகத் தாண்டி, மறுபடி நடைபாதையில் ஏற்றினாள். சக்கரம் முனகாமல் ஏறியது.

"அப்ப இனிமே நான் நடக்க வேணாமாம்மா?"

வசுமதி நின்றுவிட்டாள். அந்தக் குரலில் அழுகை இருக்கிறதா, ஏமாற்றம் இருக்கிறதா என்று உடம்பு முழுவதும் காதாகத் தேடினாள். இல்லை. மழைக்கு ஸ்கூல் லீவு என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் வருமே, அந்தக் குரல். நம்பலாமா, நிஜமாகவே விட்டுவிட்டார்களா என்று கேட்கிற குரல். எவ்வளவு நாளாகக் கேட்கக் காத்திருந்தாளோ. இவர்கள் ரெண்டு பேரும் ஆசை ஆசை என்று வளர்த்ததை எல்லாம் இந்தக் குழந்தைதான் தன் காலால் சுமந்துகொண்டிருந்தாள்.

"வேணாம் கண்ணு," என்றாள் வசுமதி. "வேணவே வேணாம்."

ஆதிரை பின்னால் சாய்ந்தாள். முதுகு இருக்கையில் முழுக்கப் பட்டது, தோள் இரண்டும் இறங்கின.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா. இன்னிக்கு சாயங்காலம் அம்மா சொல்லிடறேன்."

"நீ சொல்லாதம்மா," என்றாள் ஆதிரை. "நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா அப்பா அழுவாரு."